பிரசவம் பார்க்கும் கைக்குப் பதவி எங்கே?

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில் ஒரு பிள்ளை பிறந்தால், பெரும்பாலும் அந்தப் பிரசவத்தைப் பார்ப்பவர் செவிலியர்தான். இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் நடக்க வேண்டும் என்றுதான் நிலையத்துக்கு மூன்று செவிலியர்களைப் போட்டார்கள். தாய்சேய் மரணத்தைக் குறைத்ததாக நாம் பெருமை பேசுவது அவர்களின் இராத்தூக்கத்தின் மேல் நின்றுதான். ஆனால் 2015இல் தேர்வெழுதி வேலைக்கு வந்த செவிலியர்களுக்கு அரசு தந்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்ததை நாடே பார்த்தது.

'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பேச்சை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர்களுக்காக இந்திய நர்சிங் கவுன்சில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை வகுத்திருக்கிறது. இதற்கெனத் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று 2017 தேசிய நலவாழ்வுக் கொள்கையும் சொல்கிறது. பிரசவத்துக்கென 18 மாதப் பயிற்சி தனியாக உண்டு. படித்து முடித்தவர் திரும்பிப் போவது எங்கே? அதே வார்டுக்கு, அதே சம்பளத்துக்கு என்றால் எதற்கு அந்தப் படிப்பு?

மருந்து எழுதும் உரிமை என்றதும் மருத்துவர் சங்கங்கள் கொதிக்கின்றன. 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது. 'ஏழைக்கு மட்டும் அரை டாக்டரா?' என்று நம் தோழர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிராமத்துக்கு மருத்துவரை அனுப்பாமல் தப்பிக்க இது சாக்காகிவிடக் கூடாது. ஆனால் நான்காண்டு படிப்பு, வார்டு அனுபவம், அதற்கு மேல் இரண்டாண்டுப் பயிற்சி பெற்றவரைக் குறுக்குவழியில் வந்தவரோடு சேர்த்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தில் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர் மருந்து எழுதுகிறார். நம் ஊர்ப் பெண்கள் அங்கே போய் அந்தத் தகுதியைப் பெற முடியும்.

இங்கே ஏன் முடியவில்லை என்பதற்குச் சாதியைத் தொடாமல் பதில் கிடையாது. இரத்தமும் மலமும் தீட்டு என்ற ஊரில், பிரசவம் பார்த்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சாதி என ஒதுக்கப்பட்ட பெண். அவருக்குக் கூலி கொஞ்சம் நெல், மரியாதை கிடையாது. அந்த அறிவு பட்டமானதும் 'மருத்துவர்' என்ற சொல் மேலே போய்விட்டது, உடம்பைத் தொடும் வேலை கீழேயே நின்றுவிட்டது. (அந்தச் சாதிக்கே மருத்துவர் என்றொரு பெயர் உண்டு என்பதை எத்தனை டாக்டர்கள் அறிவார்கள்?) செவிலியர் 'உதவியாளர்' மட்டுமே என்ற பிடிவாதத்தில் அந்தப் பழைய அடுக்கு அப்படியே இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை முதலில் நிரந்தரமாக்க வேண்டும். அரசு நர்சிங் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீட்டோடு இடங்கள் வேண்டும். கட்டணம் கட்டி மட்டுமே படிக்கலாம் என்றால், பணம் உள்ள வீட்டுப் பெண்களே மேலே போவார்கள். படிப்பு முடிந்ததும் தனிப் பதவி, தனி ஊதிய விகிதம், எந்தெந்த மருந்தைத் தானே எழுதலாம் என்ற தெளிவான பட்டியல் வேண்டும். நிதித்துறை கையெழுத்துப் போடாத பதவிப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு செவிலியர் வீட்டு வாடகை கட்ட முடியாது.