பழசு வேண்டாம், பாக்கியைக் கொடு

மார்கழி முடியும்போது ஊருக்குள் கருணை பெருக்கெடுக்கிறது. போகிக்கு முந்தின வாரம் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தெரு நலச்சங்கங்களிலும் மேசை போட்டு, பேனர் கட்டி, எரிக்காமல் ஏழைக்குக் கொடுங்கள் என்று பழைய சாமான் வசூல் நடக்கிறது. 2018 போகியன்று சென்னையில் புகை மண்டி விமானங்கள் இறங்க முடியாமல் போனது உண்மை. பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கும்படி பின்னால் மாநகராட்சியே கேட்டுக்கொண்டதும் உண்மை. புகை வேண்டாம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. குப்பையைக் குப்பை என்று சொல்லிக் கொடுக்கட்டும், அள்ளுகிறவருக்குக் கூலி உண்டு. அதற்குத் தானம் என்று பேர் வைத்து, வாங்குகிறவரைக் கும்பிடச் சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

போகிக்குப் போகி எல்லாரும் எடுத்துவிடும் நன்னூல் சூத்திரத்தை நானும் எம்.ஏ. வகுப்பில் படித்தவன்தான். பவணந்தி பேசியது சொற்களைப் பற்றி. வழக்கொழிந்த சொல்லைச் சேரி வாசலில் கொண்டுபோய்க் கொட்டு என்று அவர் சொல்லவில்லை.

போன போகிக்கு அப்படிச் சேர்ந்த மூட்டைகளை எங்கள் காலனியில் இறக்கினார்கள். பிரித்துப் பார்த்தோம். ஒத்தைச் செருப்பு. மூடி இல்லாத டிபன் கேரியர். இஸ்திரிப் பெட்டி சுட்ட சேலை. மூத்திரக் கறை படிந்த மெத்தை. ஜார் இல்லாத மிக்சி. பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு நாலைந்து. ஒரு அக்கா தட்டைத் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "தெனம் சோறு திங்கறப்ப அவுங்க பேரப் பாத்துக்கினே திங்கணுமா தம்பி?" மூட்டை கொண்டுவந்தவர்கள் அதற்குள் போட்டோ எடுக்க வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூட்டை எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். ஜரிகை உள்ள பட்டு, பழம்பட்டு வாங்குகிறவரிடம் போய்விடும். உருப்படியான துணி பாத்திரக்காரரிடம் போய் ஒரு சட்டியாக, வாளியாகத் திரும்பி வரும். இரும்பும் பேப்பரும் எடைக்குப் போய்விடும். இவர்கள் மூன்று பேரும் வேண்டாம் என்று தள்ளியது எதுவோ அதுதான் எங்களுக்கு வரும் கொடை. சந்தையில் விலை போகாததற்குப் புண்ணியம் என்று ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமில்லை. மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயம், 125ஆம் சுலோகத்தைப் பாருங்கள். தன்னை அண்டியிருக்கும் சூத்திரனுக்குப் பார்ப்பனன் கொடுக்க வேண்டியவை என்று எச்சில் சோறு, நைந்த துணி, பதர், பழைய வீட்டுச் சாமான் ஆகியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. அதே அத்தியாயத்தின் 52ஆம் சுலோகம் சண்டாளனுக்குப் பிணத்தின் துணியையும் உடைந்த பாத்திரத்தையும் ஒதுக்குகிறது. வசூல் மேசையில் ஒட்டியிருக்கும் பட்டியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிளாஸ்டிக் ஒன்றுதான் புதுசு.

பழசைக் கொடுத்த கை புதுசைப் பிடுங்கவும் செய்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர் மீது கள்ளர்கள் எட்டுத் தடைகள் விதித்தார்கள். சட்டை, பனியன் போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் ஆகாது. குடையும் செருப்பும் கூடாது. ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். சொந்தக் காசில் செருப்பு வாங்கினால் உதை, ஆண்டை போட்டுத் தேய்ந்த செருப்பு என்றால் தயை! பொருள் ஒன்றுதான். அது யார் கையிலிருந்து, எந்தத் திசையில் வருகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சேலையை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவர்கள் வீட்டில் யாராவது உடுத்துவார்களா?

‘நல்ல பொருள் வீணாகலாமா? இல்லாதவருக்கு உதவினால் தப்பா?’ என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். வீணாக வேண்டாம். விலை வையுங்கள், பத்து ரூபாயானாலும் சரி. விலை கொடுக்கிறவர் பேரம் பேசுவார், புரட்டிப் பார்ப்பார், ஓட்டை இருந்தால் மூஞ்சியில் விட்டெறிவார். தானம் வாங்குகிறவருக்கு இந்த மூன்றும் கிடையாது. வெள்ளத்தில் எல்லாம் போனவருக்கு உதவுவது வேறு சங்கதி. அங்கேயும் நாம் உடுத்துகிற தரத்தில் கொடுப்பதுதான் உதவி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். கேட்டது பணிப் பாதுகாப்பும் குறையாத சம்பளமும். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை அறிவித்த நலத்திட்டங்களில் ஒன்று இலவசக் காலைச் சாப்பாடு. வேலை கேட்டவளுக்குச் சோறு! அந்த 13 நாளில் எத்தனை நலச்சங்கங்கள் அந்தப் பந்தலுக்கு வந்தன? போகிக்கு மூட்டை கட்டுகிற கை அப்போது எங்கே போயிருந்தது?

1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் நம் சனங்களிடம் எச்சிலை விடுங்கள் என்றார். அந்த டிசம்பர் 25ஆம் தேதி அதே ஊரில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. நமக்குப் போகி என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் பழந்துணி வசூல் வந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். இந்த வளாகத்தைக் கூட்டுகிற அம்மாவுக்கு என்ன சம்பளம், பி.எஃப். பிடிக்கிறார்களா, கையுறை உண்டா என்று அதே மேசையில் நின்று கேளுங்கள். குடியிருப்புக்காரர்களிடம், எங்களுக்கு வாடகைக்கு வீடு விடுவீர்களா என்று கேளுங்கள். உங்கள் நாற்காலி எங்கள் தெருவுக்கு வரலாம், நாங்கள் உங்கள் தெருவுக்கு வரக் கூடாதா?

பதில் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கட்டும். அதுவரை ஒரு நூல்கூட வாங்காதீர்கள்.