கண்ணை மூடச் சொல்லாதீர்கள்

ஐந்து வயதுக் குழந்தையைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்வதற்கு இப்போது 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர். டெல்லி அரசு 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்று நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை இதைக் கொண்டுவந்தது. தலாய் லாமா தொடங்கிவைத்தார். மூச்சோடு எனக்குப் பகை இல்லை. இந்த அமைதி யாருக்கு வசதி என்பதுதான் என் கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அப்படி ஐந்து நிமிடத்தைப் பார்த்தேன். நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து திறந்து வாசலைப் பார்த்தாள். "கவனம் எங்க இருக்கு?" என்று டீச்சர் அதட்டினார். அவள் கவனம் பால்வாடியிலிருந்து ரோட்டுக்கு ஓடிவிடும் தம்பி மேல் இருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் தம்பி அவள் பொறுப்பு. அந்த வகுப்பிலேயே அதிகக் கவனத்தோடு இருந்தவள் அவள்தான். திட்டு வாங்கியவளும் அவள்தான்.

பெண் குழந்தைக்குக் கவனத்தைப் பள்ளி வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. பால் பொங்குகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறாரா, பஸ்ஸில் பின்னால் நிற்பவன் கை எங்கே இருக்கிறது என்று எட்டு வயதுக்குள் அவள் உடம்பே காதாகிவிடுகிறது. அவளுக்கு வேண்டியது ஓய்வும் விளையாட்டும். நாமோ அசையாதே, பேசாதே, கோபத்தை அடக்கு என்கிறோம். பாட்டி சொன்ன அதே பாடம், இப்போது மணியோசையோடு.

இந்தப் பயிற்சியின் இன்னொரு விதி, எதையும் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. நம் பிள்ளைகளுக்கு இது ஆபத்தான பாடம். 'இந்தத் தொடுகை தப்பு' என்று உடனே தீர்ப்புச் சொல்லவும், அதை உரக்கச் சொல்லவும் அல்லவா அவளைப் பழக்க வேண்டும்? எங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அந்தக் குழந்தையிடம் எந்த மூச்சைக் கவனிக்கச் சொல்வீர்கள்? அவள் கோபம் நோயா, அறிவா?

பௌத்தத்திலிருந்து வந்தது என்கிறார்கள். வந்த வழியைப் பாருங்கள். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலியோடு வந்த பெரியவர்களுக்காக ஜான் கபாட்-சின் வகுத்த பயிற்சி இது. எண்வழியில் நற்கடைப்பிடி ஒன்றை மட்டும் பிடுங்கியெடுத்து, நல்வாய்மையையும் நற்செய்கையையும் நல்வாழ்க்கையையும் விட்டுவிட்டார்கள். தமிழில் பௌத்தம் வேறு வரிசையில் பேசியது. மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி முதலில் பசியைத் தீர்த்தாள். காயசண்டிகையின் ஆனைத்தீயை அணைத்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அவள் நோற்பது கடைசிக் காதையில்தான். பசித்தவளிடம் போய்க் கண்ணை மூடு என்று அவள் சொல்லவில்லை.

இந்த வரிசை நமக்குத் தெரியாததல்ல. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்த வழியில் வைத்த அடி. சுய உதவிக் குழுப் பெண்கள் விடிகாலையில் எழுந்து சமைக்கிறார்கள்; வயிறு நிறைந்த பிள்ளை தானாகப் பாடத்தைக் கவனிக்கிறது. மூச்சுப் பயிற்சிக்கோ அவ்வளவு உறுதியான சான்று இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட 11 முதல் 13 வயது மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வழக்கமான மனநலப் பாடத்தைவிட மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு மேலானதாக இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கே அப்படியென்றால், ஐந்து வயதுக்கு எந்த நம்பிக்கையில் கொண்டுவருகிறோம்?

அதட்டிய டீச்சரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு, எமிஸில் விவரமும் ஏற்றிக்கொண்டு, வீட்டு உலையையும் நினைத்துக்கொண்டிருக்கும் பெண் அவர். அவர் தலையில் பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் ஏற்றிவைத்துவிட்டு, அரசும் நிர்வாகமும் கையைத் துடைத்துக்கொள்கின்றன. மூச்சுக்குச் செலவில்லை. இன்னொரு ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும்; கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும்.

கவனிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் பேசட்டும், நாம் வாயை மூடிக் கேட்போம். சாப்பிட்டாயா, யார் அடித்தார்கள், எதற்குப் பயம் என்று கேளுங்கள். கேட்டதற்கு ஏதாவது செய்யுங்கள். பிறகு மைதானத்தில் விடுங்கள், பெண் பிள்ளைகளை முதலில். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்தப் புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்து, எழுந்து, மிதித்தார்கள். மூச்சு வாங்கியது. கண் திறந்திருந்தது.