சுருதிப்பெட்டியும் மின்தேக்கியும்

பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கென வாங்கிய மின்னணுச் சுருதிப்பெட்டி, ஆண்டுகள் பல சென்றதும் ‘ம்ம்’ என்று இரையத் தொடங்கும். உடனே அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிராங்கூன் சாலையில் புதியதைத் தேடுகிறோம். அல்லது கைப்பேசிச் செயலிக்கு மாறிவிடுகிறோம். இந்த அவசரம் தேவையற்றது என்பது என் கருத்து. பல நேரங்களில் பழுதாகியிருப்பது ஒரு சிறு மின்தேக்கி மட்டுமே.

இக்கருவி மிகப் பழமையானதன்று. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் குழலிசைக் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் 1970களில் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு அது பெரிய வரம்.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி வருகிறது. கருவிக்கோ ஒரே திசையில் சீராகப் பாயும் மின்சாரம் வேண்டும். திசையைத் திருத்திய பின்னும் எஞ்சும் ஏற்ற இறக்கத்தை, மழைநீரைத் தேக்கி மதகு வழியே விடும் ஏரியைப் போல, மின்தேக்கி சமன் செய்கிறது. அதனுள் அலுமினியத் தகடுகளுக்கிடையே மின்பகு திரவத்தில் நனைத்த தாள் சுருட்டப்பட்டிருக்கும். அத்திரவம் காலப்போக்கில் வற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. (நம் ஊர் வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ!) கிட்டார் கலைஞர்கள் போற்றிக் காக்கும் 1970களின் மிதிக்கருவிகளுக்கும் இதே முதுமை நோய்தான்.

கண்டறிவது எளிது. பெட்டியைப் பேட்டரியில் இயக்குங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குறை அடாப்டரிலோ மின்வழங்கு பகுதியிலோ உள்ளது. வேறொரு பொருத்தமான அடாப்டரிலும் இரைந்தால், பெட்டியைத் திறந்து பார்க்கலாம். உச்சி உப்பியோ அடியில் கசிந்தோ இருக்கும் மின்தேக்கியே முதல் ஐயத்துக்குரியது, உப்பாமலும் வற்றியிருக்கக்கூடும். திறப்பது விவரமறிந்த பெரியவரின் வேலை. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

“இதில் தமிழ்ப்பாடம் எங்கே? தேர்வில் வருமா?” என்று சில பெற்றோர் கேட்கலாம். வராது. ஆனால் நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்கிறார்கள். ‘மின்தேக்கி’, ‘மின்னூட்டம்’ போன்ற சொற்கள் அவர்கள் நாவுக்கு வருவதே இல்லை. சொற்பட்டியலாகக் கொடுத்தால் மறுவாரமே மறந்துவிடுவார்கள். ஒரு பழுதின் காரணத்தைத் தந்தையும் மகளும் அரைமணி நேரம் தமிழிலேயே ஆராய்வதற்கு நம் வீடுகளில் வேறு எத்தனை வாய்ப்புகள் உள்ளன? ‘சாப்பிட்டாயா’, ‘தூங்கு’ என்பவற்றோடு வீட்டுத் தமிழ் நின்றுவிடுவதுதான் ஓர் ஆசிரியராக என்னை உறுத்துகிறது.

பழம்பொருள்கள் குவிந்துகிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. எனினும் தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய சிம் லிம் டவரில் மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ளன. கழற்றிய மின்தேக்கியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மைக்ரோஃபாரட் அளவு அதேயாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதேயாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். பக்கவாட்டுப் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். அதை மாற்றிப் பொருத்தக்கூடாது. அந்த எண்களைப் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.