ஓடாத காணொளியும் ஒப்புதல் படிவமும்

பேச்சுமொழியைப் பதிவு செய்யும் ஆய்வாளருக்குக் காணொளி பழுதானாலும் ஒலிக்கோப்பு மிஞ்சும். இந்தியச் சைகைமொழியை ஆராய்பவருக்கு அந்த ஆறுதல் இல்லை. கையும் முகமும் உடலசைவுமே அங்கு மொழி. அவற்றைத் தாங்கிய கோப்பே முழுத் தரவு. இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் காணொளி அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. இத்துறையின் அறிவு காணொளிக் கோப்புகளாகவே சேர்ந்துவருகிறது.

அத்தகைய கோப்பு கணினியில் ஓட மறுத்தால் ஆய்வு மாணவர் பலர் செய்வது இரண்டில் ஒன்று. 'கரப்ட் ஆகிவிட்டது' என்று கைவிடுவார்கள். அல்லது வடிவம் மாற்றித் தரும் ஏதேனும் ஓர் இலவச இணையதளத்தில் ஏற்றுவார்கள். முன்னது பெரும்பாலும் அவசர முடிவு. பின்னது அறப்பிழை. தரவு வெளியார் கைக்குப் போகாது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கியவர், யாருடையது என்றே தெரியாத வழங்கிக்கு அதை அனுப்புகிறார். பேச்சுப் பதிவில் பெயரை நீக்கலாம், குரலைத் திரிக்கலாம். சைகைமொழிப் பதிவில் முகத்தை மறைத்தால் வினாவைக் காட்டும் புருவமும் எதிர்மறையைக் காட்டும் தலையசைவும் போய்விடும். இலக்கணத்தில் பாதி மறைந்துவிடும். ஆகவே அங்கு தகவலாளியின் முகம் எப்போதும் திறந்தே கிடக்கிறது.

இத்தனைக்கும் கோளாறு பெரும்பாலும் எளியது. எம்பி4 என்பது ஓர் உறையின் பெயர் மட்டுமே. உள்ளே படம் எந்தக் குறிமுறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பதை அப்பெயர் சொல்லாது. கோப்பின் பின்னொட்டைத் திருத்துவது உறையின் மேல் வேறு பெயர் ஒட்டுவதற்குச் சமம். இன்றைய கைபேசிகள் பல எச்.265 முறையில் பதிகின்றன. விண்டோஸில் அதற்கான நீட்சி நிறுவப்படாத கணினியில் ஒலி கேட்கும், திரை கறுத்திருக்கும். அதே கோப்பு விஎல்சியில் ஓடும். ஏனெனில் விஎல்சி தன் குறிவிலக்கிகளைத் தானே சுமந்துவருகிறது. குறிப்புரை எழுதப் பயன்படும் ஈலான் மென்பொருளோ வழக்கமாக இயங்குதளத்தின் வசதியை நம்பியிருக்கிறது. விஎல்சியில் ஓடி ஈலானில் ஓடாத கோப்பு கெட்ட கோப்பு அன்று.

விஎல்சியிலும் ஓடாதபோது, முதலில் நினைவக அட்டையில் உள்ள மூலத்தின் அளவோடு நகலின் அளவை ஒப்பிட வேண்டும். பாதியில் நின்ற நகலெடுப்பு அங்கேயே பிடிபடும். மூலமே ஓடாவிட்டால், பதிவின் நடுவில் மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். எம்பி4 கோப்பின் அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. காட்சி முழுவதும் உள்ளே இருக்கும். எது எங்கே என்று சொல்லும் பக்கம் மட்டும் இராது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொண்டு அதை மீட்க முயலும் கட்டற்ற மென்பொருள் உண்டு. அதுவரை அந்த அட்டையில் புதிதாக எதையும் பதியாமலிருப்பது முக்கியம்.

வடிவமாற்றம் தேவைப்பட்டால் எஃப்எஃப்எம்பெக் கொண்டு சொந்தக் கணினியிலேயே செய்யலாம். உறை மட்டுமே சிக்கல் என்றால் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றவும் அதில் வழியுண்டு. குறிமுறையையே மாற்றுவதாயின் நொடிக்கு 50 சட்டகங்களை 25 ஆக்கிவிடக் கூடாது. விரலெழுத்து அந்த இடைவெளியில்தான் நழுவும். எப்படி மாற்றினாலும் மூலக்கோப்பை அழிக்கலாகாது.

மொழியியலாளர் ஏன் கணினிப் பொறியாளர் ஆக வேண்டும் என்று துறைகளில் கேட்பதுண்டு. ஒலியியல் மாணவர் மாதிரியெடுப்பு வீதம் கற்கும்போது எவரும் அப்படிக் கேட்பதில்லை. களப்பணித் தாளில் இதற்கு இரண்டு வகுப்புகள் போதும். அறக்குழுவும் கையொப்பம் கேட்பதோடு நில்லாமல், கோப்பு எந்தக் கணினியில், எந்த மென்பொருளால் மாற்றப்படும் என்றும் எழுதித் தரச் சொல்லலாம்; படிவத்தில் அதற்கு ஒரு வரி இடம் போதும்.