வாங்கின விலையை மறந்துடுங்க!



"வாங்கின விலைக்கு வந்தா போதும், வித்துட்டு வெளியே வந்துடுவேன்." ஷேர் மார்க்கெட்டில் இருக்கும் பலர் சொல்லும் வாக்கியம் இது. கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா பல பேருடைய பணத்தை வருஷக்கணக்கா முடக்கிப் போடுவதும் இதுதான்.

நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்த ஷேருக்குத் தெரியாது. கம்பெனியின் லாபம், கடன், தொழில் போட்டி இதெல்லாம்தான் நாளைய விலையைத் தீர்மானிக்கும்.

கணக்கைப் பாருங்க. 100 ரூபாய் ஷேர் 50-க்கு வந்தா நஷ்டம் 50%. பழைய விலையைத் தொட 100% ஏறணும். 20-க்கு வந்திருந்தா? 400% ஏறணும்!

இது தெரிஞ்சும் ஏன் விட மனசு வரமாட்டேங்குது? லாபம் தரும் சந்தோஷத்தை விட, அதே அளவு நஷ்டம் தரும் வலி நமக்குப் பெரிசு. டேனியல் கானமேனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதை எழுதிட்டாங்க. வித்தாதான் நஷ்டம்னு நினைச்சு, அந்த வலியைத் தள்ளிப் போடுறோம்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. இன்டெல் ஆரம்பிச்சதே மெமரி சிப் தொழிலில்தான். 1980-களில் ஜப்பான் கம்பெனிகளின் போட்டியில் அது பலமா அடி வாங்கியது. 1985-ல் ஆண்டி குரோவ், கார்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார்: நம்மை நீக்கிட்டு புது ஆளைக் கொண்டு வந்தா, அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுடுவார்னு மூர் சொன்னார். அதை அவங்களே செஞ்சாங்க. அதுக்கப்புறம் இன்டெல்லை வளர்த்தது மைக்ரோபிராசசர்.

நீங்களும் கேளுங்க. 1 லட்சம் போட்ட ஷேர் இன்னிக்கு 20,000-ல் நிக்குது. அந்த 20,000 கையில் பணமா இருந்தா, இன்னிக்கு இதே ஷேரை வாங்குவீங்களா? காரணத்தோட "ஆமா"ன்னு சொல்ல முடிஞ்சா தாராளமா வெச்சுக்கோங்க. விலை இறங்கின எல்லா ஷேரும் மோசம் இல்லை. "இல்லை"ன்னா, நீங்க காத்திருப்பது பழைய விலைக்காக மட்டும்தான்.

வித்த நஷ்டத்துக்கும் ஒரு பயன் உண்டு. வருமான வரி ரிட்டர்னை கடைசி தேதிக்குள் தாக்கல் செஞ்சா, ஈடு செய்யாத மூலதன நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகள் வரை கொண்டு போகலாம். நீண்டகால நஷ்டத்தை மட்டும் நீண்டகால லாபத்தில்தான் கழிக்க முடியும்.

விக்கும்போது ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைங்க: ஏன் வாங்கினேன், எங்கே கணக்கு தப்பிச்சு? அடுத்த ஷேர் வாங்கறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. பாடம் உங்ககிட்ட இருக்கட்டும், பழைய விலை போகட்டும்.