சலுகை கோபுரத்துக்கா, யூனிட்டுக்கா?

இன்றைய ஈரான்–ஆப்கன் எல்லையிலுள்ள சீஸ்தானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றைக் கொண்டு மாவு அரைத்தார்கள். அதே காற்றில் மின்சாரம் எடுப்பது மட்டும் நிலைபெற ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? டென்மார்க்கின் அனுபவம் விடை தருகிறது.

1891இல் அஸ்கோவ் என்ற ஊரின் ஆசிரியர் பவுல் லா கூர் காற்றாலையில் மின்சாரம் எடுத்தார். காற்று ஓயும் நேரத்துக்காக, அந்த மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜனைச் சேமித்து, பள்ளியில் விளக்கெரித்தார். அவரிடம் பயின்ற யோஹானஸ் யூல் 1957இல் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலைதான் இன்றைய காற்றாலைகளுக்கு முன்னோடி. மூன்று இறக்கைகள், வேகம் மிஞ்சினால் திரும்பிக்கொண்டு சுழற்சியைத் தடுக்கும் இறக்கை நுனிகள். பெரிய பழுதின்றிப் பத்து ஆண்டுகள் ஓடியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த 1967இல் அதை நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் நெருக்கடி வந்த பிறகு, நாசாவும் அக்கறை காட்டியதால், அளவீடுகளுக்காக மறுபடி ஓட்டினார்கள்.

மேற்கு ஜெர்மனியோ எடுத்த எடுப்பிலேயே 3 மெகாவாட் திறனும் 100 மீட்டர் விட்டமும் கொண்ட குரோவியான் என்ற காற்றாலையை 1983இல் நிறுவியது. சில நூறு மணி நேரமே ஓடிய அதைச் சில ஆண்டுகளில் பிரித்துவிட்டார்கள். டென்மார்க்கின் பட்டறைகள் 22, 30, 55 கிலோவாட் என்று படிப்படியாக ஏறின.

பட்டறைக்காரர்களின் திறமை மட்டுமே இந்த முன்னேற்றத்துக்குக் காரணமல்ல. 1979இல் டென்மார்க் அரசு காற்றாலை வாங்குவோருக்கு 30 சதவீத மானியம் அறிவித்தது. ஆனால் ரிசோ சோதனை நிலையம் ஒப்புதல் தந்த இயந்திரங்களுக்கு மட்டுமே. இந்த நிபந்தனையே தரத்தை உயர்த்தியது என்பது என் உறுதியான கருத்து. அதே காலத்தில் கலிஃபோர்னியா முதலீட்டுக்கு வரிச்சலுகை தந்தது. பணம் குவிந்தது, அவசரத்தில் நட்ட இயந்திரங்கள் பல உடைந்தன. அங்கே நட்ட டேனிஷ் இயந்திரங்கள் தாக்குப்பிடித்தன.

1990களில் இந்தியா கலிஃபோர்னியாவின் வழியில்தான் போனது. காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள, காற்றாலை நட்ட நூற்பாலைகளால் முடிந்தது. அந்தச் சலுகை இல்லாவிட்டால் ஆரல்வாய்மொழியில் இத்தனை காற்றாலைகள் எழுந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், நட்டாலே லாபம் என்றால், எவ்வளவு ஓடுகிறது என்று யார் கவலைப்படுவார்கள்? உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை 2009இல்தான் வந்தது.

நட்டதற்கே சலுகை கிடைத்ததால், நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் பழைய, குட்டையான காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன. காற்றின் வேகம் கால் பங்கு கூடினாலே அதன் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; உயரப் போகப் போக வேகமும் கூடும். அந்தப் பழைய காற்றாலைகளை மாற்ற அரசு எந்தச் சலுகை தந்தாலும், அது மீட்டரில் பதிவாகும் யூனிட்டுக்கே தரப்பட வேண்டும். முதல் ஆண்டோடு முடியாமல் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும்.