கடல் கடந்தவர்கள் வளர்த்த திருநாள்

மார்ச் மாதம் வந்தால் கோலாலம்பூர் சங்காட் புக்கிட் பிந்தாங் பக்கம் பச்சைத் தோரணங்களைப் பார்க்கலாம். பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, கையில் பெரிய பியர் குவளை. மார்ச் 17 அயர்லாந்தின் தேசியத் திருநாளான புனித பேட்ரிக் தினம். அந்தப் பக்கமாகக் காரில் போகும் நம்மவர்கள், இது குடிப்பதற்கென்றே ஏற்பட்ட நாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். டப்ளினில் இரண்டு முறை அந்த நாளைக் கழித்த எனக்கு அது வேறு விதமாகத்தான் நினைவில் நிற்கிறது. பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்ட வீட்டின் திருநாள் அது.

முதல் சில ஆண்டுகளை டப்ளினில் படித்துவிட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்குப் பினாங்கு திரும்பும் மருத்துவப் படிப்பு 1996 முதல் இங்கே இருக்கிறது. அந்த வழியில் போய்வந்த டாக்டர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. நானும் 2010-இல் அப்படிப் போனவள்தான். தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். அங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை, "ஆன்ட்டி" என்றேன். அவருக்கு அது பிடித்துப் போயிற்று.

திருநாள் காலையில் ஆன்ட்டி மேல்கோட்டில் ஷாம்ராக் கொத்து ஒன்றைக் குத்திக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பினார். மூன்று சிற்றிலைகள் கொண்ட சின்னச் செடி அது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒருவரே என்பதைப் பேட்ரிக் அந்த இலையைக் காட்டித்தான் மக்களுக்கு விளக்கினார் என்பது வழிவழியாக வரும் கதை.

பேட்ரிக் அயர்லாந்துக்காரரே அல்ல என்பதையும் ஆன்ட்டிதான் சொன்னார். 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் கடற்கொள்ளையர் அவரைப் பிடித்து வந்து அடிமையாக்கினார்கள். ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தார். தப்பித்து ஊர் போய்ச் சேர்ந்தவர், பிறகு சமயப் பணிக்காகத் தாமே அயர்லாந்துக்குத் திரும்பி வந்தார். அவர் இறந்த நாள் என்று சொல்லப்படுவதுதான் மார்ச் 17.

நண்பகலில் ஊர்வலம் பார்க்கப் போனோம். ஓ'கானல் தெருவின் இரு பக்கமும் கூட்டம். லிஃபி ஆற்றிலிருந்து வீசிய காற்றில் காது மரத்துப் போனது. வரிசை வரிசையாக வந்த வாத்தியக் குழுக்களில் சில அமெரிக்காவிலிருந்து வந்தவை. அயர்லாந்தின் திருநாளுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு தூரம் வந்து வாசிக்கிறார்கள் என்று கேட்டேன். "ஊர்வலமே அங்கிருந்து வந்ததுதானே!" என்றார் ஆன்ட்டி.

உண்மைதான். நியூயார்க்கில் இந்த ஊர்வலம் 1762-இலேயே தொடங்கிவிட்டது. அயர்லாந்தில் அந்த நாள் பொது விடுமுறையானது 1903-இல்தான். டப்ளினில் அரசாங்கம் முதன்முதலாக ஊர்வலம் நடத்தியது 1931-இல். இன்று பல நாள் நடக்கும் திருவிழா 1996-இல் தொடங்கியது. அதுவரை அது பெரும்பாலும் கோயிலுக்குப் போய்வந்து குடும்பத்தோடு சாப்பிடும் நாள்தான். 1920-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அன்றைக்கு மதுக்கடைகளையே மூடி வைத்தார்கள். டப்ளினில் அன்று நடக்கும் நாய்க் கண்காட்சியில் மட்டும் மது கிடைக்கும். ஆன்ட்டியின் அப்பா நாய் வளர்த்ததே இல்லை. ஆனாலும் ஆண்டு தவறாமல் கண்காட்சிக்குப் போய்விடுவாராம்.

திருநாளைப் பெரிதாக்கியவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கூலி வேலையும் ஏளனமும். ஆண்டில் ஒரு நாளாவது தெருவை நிறைத்து நடந்து, நாங்களும் இங்கே இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. ஊரில் இருப்பவனுக்கு அந்தத் தேவை இல்லை.

சாப்பாடுகூட அப்படித்தான் மாறியது. ஆன்ட்டி வீட்டில் அன்றைய சமையல் உப்பிட்ட பன்றி இறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அமெரிக்காவில் பன்றி இறைச்சிக்குப் பதில் உப்பிட்ட மாட்டிறைச்சி. நியூயார்க்கில் ஏழை அயர்லாந்துக்காரர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது அதுதான். இன்று உலகம் முழுவதும் அயர்லாந்துப் பாரம்பரிய உணவு என்று அதைத்தான் பரிமாறுகிறார்கள்.

ஆன்ட்டியின் அம்மா காலத்தில், பாஸ்டனில் இருந்த சித்திகளுக்குச் சின்னப் பெட்டியில் ஈரப் பாசி வைத்து ஷாம்ராக் அனுப்புவார்களாம். கப்பலில் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும். வாடினாலும் குத்திக்கொள்வார்களாம்.

நான் அங்கே இருந்த காலத்தில் அயர்லாந்து மறுபடியும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. வங்கிகள் சரிந்து, 2010 கடைசியில் அரசாங்கமே ஐரோப்பிய நாடுகளிடமும் பன்னாட்டுப் பண நிதியத்திடமும் கடன் வாங்க வேண்டிய நிலை. கட்டட வேலை அடியோடு நின்றது. கட்டடப் பொறியாளரான ஆன்ட்டியின் மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனார். 2012 திருநாளன்று ஊர்வலத்துக்கே போகாமல், சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து ஸ்கைப்பில் அவர் அழைப்புக்காகக் காத்திருந்தோம். பெர்த் நேரமும் மலேசிய நேரமும் ஒன்று என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் மகனுக்கு மணி என்னவோ, ஈப்போவில் என் அம்மாவுக்கும் அதே மணி.

திரையில் மகன் பச்சைச் சட்டையோடு வந்தார். நண்பர்களோடு கொண்டாடிவிட்டு வந்திருந்தார். பேசி முடித்ததும் ஆன்ட்டி சொன்னார்: "இங்கே இருந்தவரை ஊர்வலத்துக்கு எழுப்பினால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். பச்சைச் சட்டையே அவனிடம் இருந்ததில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு எழுந்து, கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினார்.

அந்த ஆண்டு தைப்பூசத்துக்கு நாங்கள் ஐந்து மலேசியப் பிள்ளைகள் அதே சமையலறையில் முருகன் படம் வைத்து, வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் தேனும் பிசைந்து பஞ்சாமிர்தம் செய்திருந்தோம். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. பல மாநிலங்களில் நமக்கு அன்று விடுமுறை. தமிழ்நாட்டில் அது பொது விடுமுறையானது 2021-இல்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஆன்ட்டியின் ஞாபகம்தான் வந்தது. ஊரில் ஒரு சாதாரண நாள், கப்பலேறிப் போனவர்களிடம் போய்ப் பெரியதாக வளர்ந்து திரும்புகிறது. இங்கே காவடி எடுப்பதைப் பார்த்து "இந்தியாவில்கூட இவ்வளவு இல்லையே" என்று சிலர் வியப்பார்கள், சிலர் குறை சொல்வார்கள். குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது? கையோடு கொண்டுவந்தது கொஞ்சம்தான். அதனால்தான் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆன்ட்டியின் மகன் பெர்த்திலேயே குடும்பமாகிவிட்டார். அங்கே பிறந்த பேத்தி அயர்லாந்து நடனம் கற்றுக்கொள்கிறாளாம். வருகிற 17-ஆம் தேதி பெர்த்தில் விடிந்ததும், டப்ளினில் ஒரு பாட்டி நள்ளிரவு வரை கண்விழித்து, பேத்தி ஆடும் காணொளிக்காகக் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்.